சாதாரணப் பக்கம்

"இதுல வெட்கப்பட என்ன இருக்கு, சொல்லுங்க" என்று சொல்லும்போது அவள் குரலை ஒரு படி இறக்குவாள். எதிரே இருப்பவர் சரியாகக் கேட்பதற்காகக் கொஞ்சம் முன்னால் சாய்வார். சாய்ந்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது. அன்று எதிரே இருந்தவள் ஒரு தையல்காரி. பையனைக் கூட்டிக்கொண்டு வராமல், முதலில் இடம் எப்படி என்று பார்த்துவிட்டுப் போகத் தனியாக வந்திருந்தாள். வீட்டில் நூல்கண்டு வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தாளாம். கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவள், அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் சுற்றுவதை நிறுத்தினாள். "மாமியாருக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சா என் பையனை வேற மாதிரி பாப்பாங்க" என்றாள். "யாருக்கும் தெரியப்போறதில்ல. உள்ள அளவெடுக்கிறவருக்கே தெரியாது" என்று இவள் சொன்னாள். அது உண்மைதான். தையல்காரி அடுத்த மாதம் பையனோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மருத்துவமனையின் பின்கட்டில், சலவை அறைக்கு மேலே, இரண்டு அறைகளை அந்த ஆய்வுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சிகிச்சை எடுத்துப் பிறந்த குழந்தைகள் வளர வளர எப்படி இருக்கிறார்கள், அவர்களுடைய இதயமும் ரத்த அழுத்தமும் வளர்த்தியும் மற்றப் பிள்ளைகளைப் போலத்தானா என்று பார்ப்பது வேலை. ஒப்பிட வேண்டுமென்றால் தானாகத் தரித்துப் பிறந்த பிள்ளைகளும் வேண்டும் அல்லவா? அங்கே வேலை செய்பவர்கள் வாயில் அது சிகிச்சைப் பக்கம், சாதாரணப் பக்கம் என்றாகிவிட்டது. முன்னறையில் இவள் தாயிடமோ தகப்பனிடமோ எந்தப் பக்கம் என்பதற்கான அந்த ஒரு கேள்வியைக் கேட்பாள். பதில் அந்த அறையோடு சரி. நடுவில் கனத்த பச்சைத் திரை. திரைக்கு உள்ளே இருக்கும் அளவுக்காரர், வருகிற பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரியாமலேதான் அளக்க வேண்டும். தெரிந்துவிட்டால் கண் தன்னையறியாமல் கூடக் குறையப் பார்க்கும் என்பது டாக்டரம்மாவின் கட்சி. அதனால் அளவுக்காரர் பெரியவர்களிடம் வாயே திறக்க மாட்டார். பிள்ளைகளிடம் மட்டும் யானைக்கு எடை பார்த்த கதை, ஒட்டகச்சிவிங்கிக்கு உயரம் பார்த்த கதை என்று மூச்சுவிடாமல் அளந்துகொண்டிருப்பார்.

முன்னறைக்காரிக்கு ஆபீசில் சர்க்கரை என்று பெயர். ஒரு மருத்துவமனையில் ஒருத்திக்கு அப்படிப் பெயர் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும், வைத்தது டாக்டரம்மாவேதான். போனில் 'ராங் நம்பர்' என்று சொல்பவர்களிலும் உண்மையான ராங் நம்பர் எது, பயந்துபோன ராங் நம்பர் எது என்று அவளுக்குத் தெரியும். பயந்துபோன ராங் நம்பர்களை அவள் விடமாட்டாள். மறுவாரம் வேறு நேரத்தில் கூப்பிடுவாள், நலம் விசாரிப்பாள், குழந்தையின் பல் விழுந்ததா என்று கேட்பாள். இதே மருத்துவமனையில் வருஷக்கணக்காக ஏறி இறங்கியவர்கள், பிள்ளை பிறந்ததும் இந்தத் தெருப் பக்கமே வராமல் சுற்றிப் போவார்கள். அவர்களையெல்லாம் மாடிப்படி ஏறவைத்தது சர்க்கரையின் நாக்குதான். அந்த நாக்கு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ராங் நம்பர் என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆய்வு நொண்டியது மறுபக்கத்தில். ஓடியாடித் திரியும் பிள்ளையைக் கூட்டிவந்து, கையில் ரத்த அழுத்தப் பட்டை சுற்றி, ஊசி குத்தி ரத்தம் எடுக்க எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? "நல்லா இருக்கிற பிள்ளைய எதுக்கு நோண்டணும்" என்று கதவைச் சாத்தினார்கள். சிகிச்சைப் பக்கம் நிரம்பிக்கொண்டே போக, சாதாரணப் பக்கம் காற்று வாங்கியது. ஒருநாள் டாக்டரம்மா காபித் தம்ளரோடு முன்னறைக்கு வந்து, ஊரார் பிள்ளை கிடைக்காவிட்டால் நம் பிள்ளைகளையே கூட்டிவருவோம் என்று அறிவித்தார். கூட்டுகிறவர், ரத்தம் எடுக்கிற பெண், கணினிக்காரர் எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு ஏதோ சொல்லிவைத்தாற்போல எல்லாரும் சர்க்கரையைப் பார்த்தார்கள்.

"உன் பொண்ணு பட்டாணிக்கு எட்டு வயசு இல்ல? அந்த வயசுலதான் ஆளே கெடைக்கல" என்றார் டாக்டரம்மா. "நாளைக்கே கூட்டிட்டு வா."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். 'மேடம், தனியா ஒரு வார்த்தை' என்றால் போதும். டாக்டரம்மா நல்லவர், கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருப்பார். ஆனால் சொல்ல வேண்டிய நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ஸ்கூல் இருக்கே மேடம்" என்று இழுத்தாள். ஸ்கூல் விட்டதும் வரட்டும் என்றார்கள். சரி என்று தலை ஆடியது.

பட்டாணி பிறந்த கதை வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவளுக்கும் அவள் கணவனுக்கும். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கற்பவர் எவ்வளவு வேகமாகப் போனாலும் அவன் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான், எந்தப் பேச்சு எங்கே போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து மிதித்துவிடுவான். சோதனைகளில் குறை அவனிடம் என்று தெரிந்தது. அவனுடைய அக்கா, சர்க்கரைக்கு அண்ணி, அந்த வீட்டிலேயே இருப்பவள், அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுததைக் கேட்டு, "மெஷின்ல செஞ்ச குழந்தைல்ல, சத்தம் அப்படித்தான் வரும்" என்று சொல்லிச் சிரித்திருந்தாள். மனசில் விஷம் வைத்துப் பேசுகிற ஆள் இல்லை அவள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கத்திக் கத்தி, மெல்லப் பேச வேண்டியதையும் கத்தியே பேசுவாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு, இவளோடு போனது. அங்கே வைத்துச் சிகிச்சையெல்லாம் காதும் காதும் வைத்தாற்போல நடந்தது. குறைமாதத்தில், உள்ளங்கையில் அடங்கும் அளவில் பிறந்தாள் பட்டாணி. கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது அக்கா வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து இன்றுவரை இறக்கிவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் ஸ்கூல் விட்டதும் பட்டாணியை ஆபீசுக்குக் கூட்டிவந்ததும் அந்த அண்ணிதான். பள்ளிப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, மாடிப்படி ஏறிய மூச்சோடு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள். சர்க்கரை தன் பிள்ளைக்குத் தானே கேள்வி கேட்டுக்கொள்ளக் கூடாது என்பதால் டாக்டரம்மா அவளுடைய இருக்கையில் உட்கார்ந்தார். சர்க்கரை எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அது கொஞ்சம் தாழ்வானது என்பதும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகத்துக்கு நேரே ஜன்னல் வெளிச்சம் அடிக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"இது கேக்கவே வேண்டாம், இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்கு" என்று டாக்டரம்மா சிரித்தார். "குழந்தை தானா தரிச்சதா, சிகிச்சையிலயா?"

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "நல்லா கேட்டீங்க போங்க. எங்க வீட்டுல அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் கெடையாது டாக்டர். கடவுள் பாத்துக் குடுத்தது."

"அம்மாதான் சொல்லணும்" என்றார் டாக்டரம்மா.

"தானா" என்றாள் சர்க்கரை. எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் இருந்து அதே வார்த்தையைச் சொல்லக் கேட்டிருக்கிறாள். அதில் எது பொய் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவதாக அவளுக்கு ஒரு பெருமை உண்டு. டாக்டரம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பட்டாணி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். யானை எடை பார்க்கும் கதை தொடங்கியது.

கதை பாதியில் நின்றது. அளவுக்காரர் திரை இடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டி டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். ரத்த அழுத்தம் வயதுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. சிறிது நேரம் உட்காரவைத்துத் திரும்ப எடுத்தும் இறங்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து சர்க்கரையின் தோளில் கை வைத்தார். ஓடிவந்த பிள்ளை, புது இடம், பதற்றமாக இருக்கும், ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "மத்தப் பக்கத்துப் பிள்ளையா இருந்தா இன்னிக்கே இதய ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். நம்ம விதி அப்படி. உனக்கு அந்தக் கவலை இல்ல." சர்க்கரை சிரித்தாள். என்ன சிரிப்பு அது என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணி பட்டாணியின் கையில் பட்டை அழுத்திய தடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் எதிர்பார்த்தபடியே பிரேக்கை மிதித்தான். "ஸ்கேன்தானே, வெளியில எடுத்துக்கலாம். உங்க ஆபீஸ் மூலமாத்தான் எடுக்கணும்னு இருக்கா?" அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைக்குத் தேவையானது நடக்கும், வீட்டில் யார் தூக்கமும் கெடாது. ஞாயிற்றுக்கிழமை ஊரின் இன்னொரு மூலையில் இருந்த ஸ்கேன் மையத்துக்குப் போனார்கள். அண்ணியிடம் சினிமா என்றார்கள். ஸ்கேன் எடுப்பவர் பட்டாணியின் நெஞ்சில் குளிர்ந்த களிம்பைத் தடவிக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குறைமாதமா, பிறக்கும்போது எடை எவ்வளவு, ஏதாவது சிகிச்சை எடுத்துத் தரித்ததா. "இல்ல, நார்மல்தான்" என்று அவன் சொன்னான். இங்கே யாருக்குத் தெரியும் இவர்களை? எந்த அக்கா உட்கார்ந்திருந்தாள்? பிள்ளையின் இதயத்தைப் பார்க்க வந்த இடத்திலும், இதயம் திரையில் துடித்துக்கொண்டிருக்கும்போதே பொய் வந்தது. அவளும் திருத்தவில்லை. பட்டாணி படுத்தபடியே அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரிதாக ஒன்றுமில்லை, கண்காணிப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். திரும்பி வரும்போது என்ன சினிமா பார்த்ததாகச் சொல்வது என்று காரில் மூன்று பேரும் சேர்ந்து பேசி முடிவு செய்தார்கள். அதில் பட்டாணிக்குத்தான் உற்சாகம் அதிகம். கதையெல்லாம் அவளே கட்டினாள். பெற்ற பிள்ளைக்கு இதையா சொல்லிக்கொடுக்கிறோம் என்று நினைத்தபோது சர்க்கரைக்குக் காது மடல் சுட்டது.

அந்த வாரம் டாக்டரம்மா சந்தோஷமாக இருந்தார். இதுவரை வந்ததைக் கணினிக்காரர் கூட்டிப் பார்த்ததில், ரத்த அழுத்தத்தில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லையாம். "நல்ல சேதி, இல்ல?" என்று சர்க்கரையிடம்தான் முதலில் சொன்னார். கணினிக்காரர் சந்தேகப் பிராணி. சாதாரணப் பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான் என்பதற்கு அவரவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று முணுமுணுத்தார். ஒரு பிள்ளை இடம் மாறியிருந்தால் ஒன்றும் ஆகாது, ஒரே வெட்கத்துக்காக நிறையப் பேர் மாறி உட்கார்ந்திருந்தால் இருக்கிற வித்தியாசமும் கரைந்துபோகும் என்றார். "அப்படியெல்லாம் பொய் சொல்வாங்களா? அதுக்குத்தான் நம்ம சர்க்கரை இருக்காளே" என்றார் டாக்டரம்மா. சர்க்கரை போனை எடுத்து, யாருக்கும் தேவையில்லாத ஒரு எண்ணைச் சுழற்றினாள்.

சொன்னபடி தையல்காரி பையனோடு வந்தாள். பையன் புதுச் சட்டை போட்டிருந்தான், அம்மா தைத்தது போலிருக்கிறது, காலர் கொஞ்சம் பெரிது. முன்னறையில் வேறு யாரும் இல்லை. வந்தும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பையனை ஜன்னல் பக்கம் அனுப்பிவிட்டுத் தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பை வாரைச் சுற்றத் தொடங்கினாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது" என்றாள். "உங்க பிள்ளையா இருந்தா இங்க கொண்டுவருவீங்களா?"

இந்தக் கேள்வியைச் சர்க்கரை எத்தனையோ விதமாகச் சமாளித்திருக்கிறாள். அன்று என்னவோ வாய் முந்திக்கொண்டது. "கொண்டுவந்துட்டேனே. என் பொண்ணும் இந்த ஆய்வுல இருக்கா" என்றாள்.

தையல்காரியின் முகம் அப்படியே மலர்ந்தது. வாரை விட்டாள். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி இவள் கையைப் பிடித்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். "அப்ப உங்களுக்கும்..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை, கண் நிறைந்துவிட்டது. "எங்கிட்ட யாருமே இப்படிச் சொன்னதில்லக்கா. நான் மட்டும்தான்னு நெனைச்சிட்டே இருந்தேன்."

மேடம் அக்காவாகிவிட்டாள். அந்தக் கையைப் பிடித்தபடி ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும். அண்ணி இல்லை, கணவன் இல்லை, டாக்டரம்மாகூட உள்ளே இல்லை. அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் அளவுக்காரர் தும்மினார். சர்க்கரை சட்டென்று கையை உருவிக்கொண்டாள். "இல்ல இல்ல. அவ சாதாரணப் பக்கம்" என்றாள்.

அவள் சொன்ன வேகம்தான் கொடுமை. பேருந்தில் தெரியாமல் மிதித்துவிட்ட ஒரு காலிலிருந்து விலகுவது போல விலகியிருந்தாள். தையல்காரி நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. "மன்னிச்சிருங்க மேடம்" என்று அவள்தான் சொன்னாள். பிறகு எழுந்து, ஜன்னலில் புறா பார்த்துக்கொண்டிருந்த பையனின் காலரைச் சரிசெய்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள். சர்க்கரை பின்னாலேயே படிமுனை வரை போனாள். கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது? இதுல வெட்கப்பட என்ன இருக்கு என்றா? கீழே பையன், "அம்மா, ஊசி போடலையா?" என்று கேட்டது சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவமானத்தைப் பங்கு போட்டுக்கொண்டே போனாள். பொய் சொன்னது ஒரு பங்கு என்றால், கையை உருவியது ஒன்பது பங்கு. அந்தக் கையிலிருந்து உருவியபோது தன் மகளிடமிருந்தும்தானே உருவிக்கொண்டாள்? உள்ளங்கை அளவில் கிடந்த அந்த உயிருக்காக எத்தனை ஊசி, எத்தனை படிக்கட்டு, எத்தனை மாதம் கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பிய வீடு. ஆசைப்பட்டு, அழுது, வரவழைத்த பிள்ளை. அவளை 'அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் கெடையாது' என்று சொல்லவிட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அண்ணி தெரியாமல் சொன்னாள்.

வீட்டில் கூடத்து நடுவில் மேசை போட்டிருந்தது. மேசை என்றால் கவிழ்த்த அட்டைப்பெட்டி. பட்டாணி அதற்குப் பின்னால் உட்கார்ந்து, அப்பாவின் பழைய டைரியைத் திறந்துவைத்திருந்தாள். இரண்டு நாற்காலிகளுக்கு இடையில் பச்சைப் போர்வை தொங்கியது. ஆபீஸ் விளையாட்டு, மாடியில் அளவெடுத்த நாளிலிருந்து வீட்டில் இதுதான். போர்வைக்கு அந்தப் பக்கம் கரடி பொம்மை கையில் காலுறை சுற்றிக்கொண்டு முறைக்குக் காத்திருந்தது. அப்போது அண்ணியின் முறை.

"உங்க குழந்தை தானா பொறந்துச்சா, சிகிச்சையிலயா?"

"எனக்கு ஏதுடி குழந்தை, உன்னை விட்டா" என்றாள் அண்ணி, பஸ் நிலையத்துக்கே கேட்கும் குரலில்.

"அப்ப நீங்க ஆய்வுல இல்ல அத்தை. வெளிய போய் உக்காருங்க."

அண்ணி சிரித்துக்கொண்டே எழுந்து, சமையலறை வாசற்படியில் சாய்ந்து நின்றாள். கணவன் சோபாவில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். "அடுத்தது யாரு?" என்று கேட்ட பட்டாணி அம்மாவைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்த சர்க்கரை, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் போய் அந்தச் சின்ன முக்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க குழந்தை தானா பொறந்துச்சா, சிகிச்சையிலயா?"

டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கைப்பையின் வார் விரலில் ஒரு சுற்று ஏறியிருந்தது. பட்டாணி கொஞ்சம் காத்தாள். பிறகு குரலை ஒரு படி இறக்கினாள். எங்கே இறக்க வேண்டும், எவ்வளவு இறக்க வேண்டும் என்று அவளுக்கு அச்சு அசலாகத் தெரிந்திருந்தது.

"இதுல வெட்கப்பட என்ன இருக்கு, சொல்லுங்க."

சர்க்கரை முன்னால் சாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் டிவியின் சத்தம் குறைந்தது. கணவன் எழுந்து நிற்பது, திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. "பட்டாணி, போதும், போய் ஹோம்வொர்க் பண்ணு" என்றான். பட்டாணி அசையவில்லை. அசைய வேண்டாம் என்று சர்க்கரை அவள் முழங்கை மேல் கை வைத்திருந்தாள். பட்டை சுற்றிய அதே இடம்.

"எழுதிக்கோ" என்றாள்.

பட்டாணி பென்சிலை டைரியில் வைத்து அழுத்தினாள். முனை உடைந்து உருண்டது. "இருங்க, இருங்க, ஒரு நிமிஷம்" என்று பென்சில் டப்பாவுக்குள் துழாவி ஷார்ப்னரை எடுத்தாள். அண்ணி வாசற்படியிலிருந்து நகர்ந்து கூடத்துக்குள் வந்துவிட்டாள். கணவன் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். பட்டாணி நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், பென்சிலைத் திருகித் திருகிச் சீவினாள். சிவப்பு விளிம்பு வைத்த சுருள்கள் ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டியின் மேல் விழுந்தன.